அம்மா வரைந்த மண்ணெண்ணெய் வரிசை

பெஹாலா டிராம் டிப்போவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கேட் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கேட்டைக் காக்கிற தர்வான் கையை ஆட்டிக்கொண்டுதான் நின்றிருப்பான். "இன்னிக்கு ஆகாது, போ போ. வார்டுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கப் போறாங்க. வெளியாள் யாரும் உள்ள வரக் கூடாது." அதற்கு முந்தின தடவை போனபோது வேறு காரணம் சொன்னான். பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டுமாம்.

கையில் ஒரு காகிதப் பை. அதில் ஆரஞ்சுப் பழங்கள். சீசன் முடிகிற நேரத்துப் பழங்கள், தோல் தொளதொளவென்று இருக்கும். அம்மாவுக்காக வாங்கியவை. நடந்துகொண்டே நானே உரித்துத் தின்றேன். பசித்தது.

எனக்கு அப்போது மீசை முளைக்காத வயது. அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். விசாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கினேன், நாக்பூரில் ஓட்டல் அடுப்பில் நின்றேன், லாரியில் கிளீனராகப் போய் ஊர் பெயர்கூடத் தெரியாமல் இறங்கியிருக்கிறேன். எந்த நடையும் அந்த நடை மாதிரி இல்லை. அன்றைக்கு அம்மாவிடம் சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. "நீ என்ன சொல்ல வந்தேன்னு எங்களுக்குப் புரிஞ்சிருச்சும்மா." அவ்வளவுதான். அதைச் சொல்ல உள்ளே போக வேண்டும். உள்ளே விடவில்லை.

என்ன சொல்ல வந்தாள், எப்படிச் சொன்னாள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு மண்ணெண்ணெய் வரிசையை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நின்றிருப்பீர்கள். சாந்த்ராகாச்சியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துக் கடைக்கு எண்ணெய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் முந்தின நாள் சாயங்காலமே வரிசை உண்டாகிவிடும். ஆட்களின் வரிசை இல்லை, செங்கல்களின் வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செங்கல். சிலர் ஓட்டைத் தகரம் வைப்பார்கள், சிலர் உடைந்த மண் சட்டி வைப்பார்கள். யாரும் அடுத்தவர் செங்கல்லைத் தொட மாட்டார்கள். நக்சல், போலீஸ், கர்ஃப்யூ என்று ஊர் எரிந்துகொண்டிருந்த காலத்தில்கூட அந்தச் செங்கல்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆனால் கடைக்காரன் கதவைத் திறந்த நிமிஷத்தோடு அந்த மரியாதை முடிந்தது. அதற்கப்புறம் எண்ணெய்த் தகரத்தோடு ஆள் நிற்க வேண்டும். நகர்ந்தால் இடம் போச்சு. எவ்வளவு கெஞ்சினாலும் கடைசிக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் தகரத்தில் அம்மா வெள்ளை பெயின்டால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். அடையாளத்துக்கு. பிடிக்குக் கம்பி போய், சணல் கயிறு கட்டியிருக்கும். கயிறு எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் என் கை நாறும், பக்கத்துப் பையன் மூக்கைப் பிடிப்பான். அந்தத் தகரம் பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது அது கிடைத்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்த மாசம். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அப்பா யார்டில் வாகன்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். ராத்திரி டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா வரிசையில். தம்பிக்கு அப்போது நான்கு வயது இருக்கும். குவார்ட்டர்ஸுக்கும் கடைக்கும் நடுவில் பெரிய ஜீல், ஏரி மாதிரி. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். எது கரை, எது தண்ணீர் என்று பெரியவர்களுக்கே தெரியாது. தம்பியை அந்தப் பச்சைக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள். நான் வந்தபோது வாசலில் செருப்புகள் நிறைய இருந்தன.

தம்பி எப்படி வெளியே போனான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பன் தூங்கினான், கதவு திறந்து கிடந்தது, பிள்ளை இறங்கிப் போய்விட்டான். குவார்ட்டர்ஸில் இருந்த நம் தமிழ்ப் பெண்கள் அப்பாவின் காதில் விழும்படியே பேசினார்கள்.

"பெத்த புள்ள எந்திரிச்சுப் போறது தெரியாம அப்படி என்ன தூக்கமோ!"

"டூட்டித் தூக்கமாம். நம்ம வீட்டு ஆம்பளைங்கல்லாம் டூட்டி பாக்கலியா?"

 அதன் பிறகு அப்பா கட்டிலில் படுக்கவில்லை. டூட்டி முடிந்து வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண்ணை மூடுவார். கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார்.

அம்மா அழவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் தகரத்தை எடுத்துக்கொண்டு போய், மூடியிருந்த எண்ணெய்க் கடை முன்னால் நின்றாள். பக்கத்து வீட்டுக் காகிமாதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். வங்காளத்தில் சித்தியைக் காகிமா என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் காகிமா, அவ்வளவுதான் உறவு. மறுநாளும் அம்மா போய் நின்றாள். பிறகு பேச்சு நின்றது. பிறகு குளிப்பது, சாப்பிடுவது ஒவ்வொன்றாக நின்றது. துர்கா பூஜை மேளம் ஓய்ந்ததும் ரயில்வே டாக்டர் எழுதிக் கொடுக்க, அப்பா அவளைப் பெஹாலாவைத் தாண்டி இருந்த அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மனநலம் என்ற சொல்லை அப்போது யாரும் சொல்லவில்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரி.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள். ஃபினாயில் வாசனையும் வேர்க்கடலைத் தோலும் உள்ள ஒரு நீண்ட வராந்தா. அங்கே பாய் விரித்து ஒரு தீதி, அதாவது அக்கா, உட்கார்ந்திருப்பார். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. லேக் கார்டன்ஸிலிருந்து பஸ் மாறி மாறி வருவார். துணிப்பையில் கிரேயான் துண்டுகள், கரித்துண்டு, பழைய நாள்காட்டித் தாள்கள். தாள்களின் பின்பக்கத்தில் நோயாளிகள் படம் போடலாம்.

"எதை வேணா போடுங்க. அழகா இருக்கணும்னு இல்ல" என்பார். வங்காளத்தில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு கிழவி மீன் மட்டும் போடுவாள். தாள் முழுக்க மீன். இன்னொருத்தி கிரேயானைத் தின்பாள். தீதி அவள் வாயிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு வேறு நிறம் கொடுப்பார். எனக்கும் ஒரு தாள் கிடைத்தது. நான் எஞ்சின் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"இந்த எஞ்சின் எங்க போகுது?"

"போகல. நிக்குது."

"எவ்வளவு நாளா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.  என் எஞ்சினில் புகையே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.  தீதி வேர்க்கடலையை என் பக்கம் நகர்த்தினார்.

அம்மா முதல் வாரங்களில் தாளைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டம் போட்டாள். கறுப்பில், சின்னதாக. அடுத்த வாரம் அதே கட்டம், அதன் பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. அதற்கடுத்த வாரம் கட்டங்களுக்கு நடுவே தகரங்கள் வந்தன. ஒரு தகரத்தில் வட்டம் இருந்தது.

"நம்ம தகரம்!" என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். மாசக்கணக்கில் பார்க்காத பார்வை. "க்யூ" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்குத் தீதியின் கண்ணில் நீர் வந்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அப்பா நம்பவில்லை, ஆனால் அன்று பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். செங்கல் வரிசை, தகரங்கள், நடுவில் ஒரு பெண். பெண்ணுக்கு முகம் போடவில்லை. அவள் புடவைத் தலைப்பின் நுனியில் முடிச்சு மாதிரி ஏதோ ஒரு கிறுக்கல். தாளின் மறுபக்கத்தில் ஒரு வீடு. திறந்த கதவு. உள்ளே கட்டில், கட்டிலில் ஒரு ஆள் படுத்திருந்தான்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது.

"பாத்தியாடா? தூங்குறான் பாரு. நான்தான் அது. நான் தூங்குனத ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுறா உங்கம்மா."

தீதிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் குரல் புரிந்தது. "அண்ணா, அவங்க இன்னும் முடிக்கல. பாதிதான் வந்திருக்கு. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா வருது. மிச்சத்தையும் வர விடுங்க."

"மிச்சம் என்ன வரணும்? நான் கொன்னேன்னு வரணுமா?"

"அப்படி அவங்க சொல்லல. என்ன சொல்றாங்கன்னு அவங்களுக்கே இன்னும் தெரியல. போட்டுப் போட்டுத்தான் தெரியும்."

அப்பா தாளை நாலாக மடித்தார். பிறகு கிழித்தார். கோபக்காரர் கிழிக்கிற மாதிரி இல்லை, தேவையில்லாத ரசீதைக் கிழிக்கிற மாதிரி. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தீதி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

"இந்தக் கண்றாவியெல்லாம் போட வைக்காதீங்க தீதி" என்றார் அப்பா, வங்காளத்தில், மரியாதையாக. "நல்லதா ஏதாச்சும் போடச் சொல்லுங்க. பூ, கோயில். எங்க பொம்பளைங்க கோலம் போடுவாங்க, உங்க ஆல்பனா மாதிரி. அதப் போடச் சொல்லுங்க." பிறகு அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வீட்டில் எப்போதும் பேசாத ஒரு மெல்லிய குரலில் சொன்னார்: "கோலம் போடு. என்ன? நல்ல நல்ல கோலமாப் போடு. போட்டன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்."

இன்றைக்கு அந்தக் குரலை நினைத்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்கு வீட்டில் ஒரு பெண் வேண்டியிருந்தது, தன்னைக் குற்றம் சொல்லாத ஒரு பெண்.

அடுத்த ஞாயிறு அம்மா கோலம் போட்டாள். புள்ளி வைத்து, இழை பிசகாமல். அதற்கடுத்த வாரமும். வார்டு டாக்டர் ஒன்றை எடுத்துத் தன் அறையில் மாட்டினார். மனம் ஒழுங்குக்கு வந்துவிட்டது, கோடுகளைப் பாருங்கள் என்றார். நம் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் வந்து பார்த்து, "பழையபடி ஆயிட்டாளே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தீதி ஒருத்தர்தான் சிரிக்கவில்லை.

"போடும்போது தாளைப் பாக்கிறதே இல்ல" என்று அப்பாவிடம் சொன்னார். "ஜன்னலைப் பாக்குறாங்க. கை மட்டும் தானா போகுது."

"முப்பது வருஷப் பழக்கம் தீதி. பாக்க வேண்டாம்."

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா சிவப்பு கிரேயானைக் கேட்டு வாங்கிக் கோலத்தைச் சுற்றிக் காவி கட்டினாள்.  உங்களுக்குத் தெரியும்: சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை. பண்டிகை இல்லையென்றால் காவி இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பெரியப்பா ஊரில் இறந்தபோது, பொங்கலுக்குக் காவி போடும்மா என்று கேட்டதற்காக என் முதுகில் அறைந்தவள் அம்மா. அந்த அம்மா காவி கட்டுகிறாள்.

"அப்பா, காவி போட்டிருக்காப்பா."

"போட்டா என்ன?"

"நம்ம வீட்டுலதான் தம்பி..."

"வாய மூடு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவர் தமிழர், கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவர், அவருக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை என்று அம்மாவின் கை தாளில் எழுதிக் காட்டியது. அதைக் குணமாகிவிட்டதாக எல்லோரும் வாசித்தார்கள்.

அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பொங்கல் காலையில் பனி மூட்டம். ஜீலிலிருந்து குளிர்கால வாத்துகளின் சத்தம். அம்மா எங்களுக்கு முன்னால் எழுந்திருந்தாள். அங்கே காவிமண் கிடைக்காது. செங்கல்லைக் கல்லில் நுணுக்கிச் சலித்து ஒரு பால்பவுடர் டப்பாவில் வைத்திருப்பாள். அந்த டப்பா காலியாகும் வரை போட்டிருந்தாள். வாசலிலிருந்து பம்பு வரை சிவப்பு. காகிமா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்தாள். "என்ன அழகு!" என்று ஆரம்பித்தவள், கோலத்தைவிட அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே அம்மா நாலு தட்டு வைத்தாள். பொங்கல் எடுத்து வைத்தாள். நாலாவது தட்டில் சூடு ஆற விரலால் பரப்பினாள், தம்பிக்குச் செய்கிற மாதிரி.

"சின்னவனக் கூப்பிடு" என்றாள் என்னிடம்.

அப்பா கையில் எடுத்ததைத் தட்டில் வைத்தார். "அவன் இல்லம்மா" என்றார். "உனக்குத் தெரியுமே."

அம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இப்பத்தான அப்பாகிட்ட போடான்னு அனுப்பி வச்சேன். வரலியா உங்ககிட்ட?"

நானும் அப்பாவும் அதைப் பிதற்றல் என்றே எடுத்துக்கொண்டோம். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள், கோலத்தை மிதித்துக்கொண்டு. ஜீல் பக்கம் போய்க் கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு நடந்ததை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாலைக்குள் அவள் பழைய ஆஸ்பத்திரியில் இருந்தாள். இந்த முறை வராந்தா உள்ள வார்டு இல்லை, பின்னால் பூட்டி வைக்கிற வார்டு.

ஞாயிற்றுக்கிழமை படம் போடுவதும் அதோடு நின்றது. படம் போட்டுக் குணமான நோயாளி என்று பெரிய டாக்டர்களிடம் காட்டிய பெண் பண்டிகையன்றே திரும்பி வந்துவிட்டாள். அப்புறம் எதற்கு இந்த விளையாட்டு என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். தீதியை நான் கடைசியாகப் பார்த்தது கேட்டுக்கு வெளியே. துணிப்பை தோளில் தொங்கியது. என் தலையில் கை வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் காகிமா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். கடுகெண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு உங்கம்மா என்ன சொன்னா? பொங்கலன்னிக்கு?"

"அப்பாகிட்ட போன்னு தம்பிய அனுப்பினேன்னா. புத்தி சரியில்ல காகிமா."

"புத்தி சரியாத்தான் இருக்கு." கரண்டியைக் கீழே வைத்தாள். "கேளுப்பா. உன் தம்பி வரிசைக்கு வந்தான். நான் உங்கம்மாவுக்குப் பின்னால நின்னேன். மழைத் தூறல். வந்து அவ புடவையப் பிடிச்சு இழுத்தான். கடை அப்பத்தான் திறந்துச்சு. கொண்டு விட்டுட்டு வரேன், இடத்தப் பாத்துக்கன்னு என்கிட்ட சொன்னா. பின்னால இருந்தவனுங்க கத்த ஆரம்பிச்சானுங்க, நகர்ந்தா போச்சு, நகர்ந்தா போச்சுன்னு. எண்ணெய் வந்து எத்தன நாளாச்சு! அப்பாகிட்ட போடா கண்ணுன்னு அனுப்பிட்டா. நானும் சொன்னேன். போ, போ, அப்பாகிட்ட போன்னு நானும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

"யார்கிட்டயும் சொல்லலியே?"

"எப்படிச் சொல்வேன்? தூங்கின அப்பனையே அப்படிப் பேசினாங்க. அனுப்பிச்ச அம்மாவ விட்டு வைப்பாங்களா?"

அந்தப் படத்தில் தலைப்பின் நுனியிலிருந்த முடிச்சு அப்போதுதான் எனக்கு முடிச்சாக இல்லாமல் போனது. அது சின்ன ஆள். புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள். அவள் அப்பாவைப் பற்றிப் படம் போடவே இல்லை. அந்த வீட்டையும் கட்டிலையும் போட்டது, பிள்ளையை எங்கே அனுப்பினாள் என்று காட்டுவதற்கு. தன்னைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பித்திருந்தாள், வாரம் ஒரு செங்கல்லாக.

அப்பாவிடம் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அப்போ நான் தூங்குனது தப்பில்லையாடா?" என்று கேட்டார். என்னைப் பார்த்து, பெரியவர் ஒருவரைக் கேட்பது போல.  

"அம்மாகிட்ட போய், எங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு சொல்லலாம்பா."

"வேணாம். இந்தப் பேச்ச அவகிட்ட யாரும் எடுக்கக் கூடாது. தாங்க மாட்டா."

"அவதாம்பா நமக்குச் சொன்னா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கரக்பூருக்கு மாற்றல் கேட்டிருந்தார், அது வரப்போகிறது என்று மட்டும் சொன்னார். அவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போவதை அதற்கு முன்பே விட்டிருந்தார்.

அதனால்தான் நான் தனியாகப் போனேன். அதனால்தான் கேட்டிலிருந்து திரும்பி, பழத்தைத் தின்றுகொண்டு டிராம் டிப்போ பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு வீட்டுக்குப் போனதே இல்லை என்று சொல்ல மாட்டேன், போனேன். ஆனால் இருக்கவில்லை. அம்மாவைப் பல வருஷம் கழித்து ஒரு முறை பார்த்தேன். தலை மொட்டையடித்திருந்தார்கள். நான் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். அவள் என் சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலம் தவறிப்போயிருந்தது.

அன்று டிப்போ பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கேட்டுக்குள் பார்த்தது ஞாபகம் வந்தது: டிரம்மில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது, மூங்கில் ஏணிகள் சாய்ந்திருந்தன. வெளியாள் உள்ளே போக முடியாது. வேலையாள் போகலாம்.

மறுநாள் காலையில் கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். சுண்ணாம்பு மிஸ்திரி பீடியோடு வந்தார். நரைத்த மீசையில் பழைய சுண்ணாம்புத் துளிகள்.

"வேலையா? மதராஸிப் பையனா நீ? இட்லி புட்டுச் சாப்பிட்ட கை, சுண்ணாம்பு தாங்குமா?"

"தாங்கும்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியும்."

கையில் கடுகெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லிப் புட்டியைக் கொடுத்தார். சணல்நார் பிரஷ் ஒன்று, வாளி ஒன்று. தர்வான் என்னைக் கடந்து போனான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் தலையில் மிஸ்திரியின் பழைய துண்டு இருந்தது.

பின்பக்கத்து வார்டின் பூட்டைத் திறந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. சுவர் காயும் வரை பெண்களையெல்லாம் விடியற்காலையிலேயே வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எந்தக் கட்டிடம் என்று கேட்டேன். மிஸ்திரிக்குத் தெரியவில்லை. கட்டில்களை எல்லாம் நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மூத்திர வாடை. "நீ அந்த ஓரத்துல ஆரம்பி, கீழ்ப் பாதி உனக்கு" என்றார்.

ஓரத்துச் சுவரில், கட்டிலில் படுத்தால் கை எட்டுகிற உயரத்தில், சிவப்பாக ஏதோ தெரிந்தது. செங்கல் துண்டால் போட்ட கோடுகள். கிட்டே போனேன். கட்டங்களின் வரிசை. தகரங்கள். ஒரு தகரத்தில் வட்டம். வீடு இல்லை, கதவு இல்லை, கட்டிலில் ஆள் இல்லை. வரிசையில் ஒரு பெண். இந்த முறை முகம் இருந்தது. முகம் பின்னால் திரும்பியிருந்தது. தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. கண், மூக்கு, தொப்புள் எல்லாம் போட்டிருந்தாள். அந்தத் தீதி கேட்ட மிச்சப் பாதி.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?"

"எங்கம்மா போட்ட படம்."

மிஸ்திரி ஏணியிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார்.  பிறகு, "அவங்க வந்து மறுபடி போட்டுக்குவாங்க, நீ அடி" என்றார். "சாயங்காலம் காண்ட்ராக்டர் பாக்க வருவான்."

பிரஷ்ஷை நனைத்து அடித்தேன். மறையவில்லை. ஈரத்தில் செங்கல் நிறம் இன்னும் கறுத்து, கோடுகள் முன்னைவிட நன்றாகத் தெரிந்தன. எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

"மறைய மாட்டேங்குதே" என்றேன்.

"சுண்ணாம்பு அப்படித்தான். ஈரத்துல எல்லாம் தெரியும். காஞ்சாத்தான் வெளுக்கும்."

ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. முதல் செங்கல் போனது, இரண்டாவது போனது. வட்டம் போட்ட தகரம் மங்கியது. நான் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் பிரஷ்ஷை முக்கி, குழந்தை இருந்த இடத்தை நனைத்தேன். திரும்பத் தெரிந்தது. காய்ந்தது. மறுபடி நனைத்தேன். மிஸ்திரி ஏணியிலிருந்து இறங்கி வந்து, என் கையிலிருந்த பிரஷ்ஷைச் சுண்ணாம்பு வாளிக்கு மாற்றி, என் தோளைப் பிடித்து அடுத்த சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார்.